அந்தச் செருப்பு யார் காலுக்கு?

போன வாரக் கதையில் பார்வையம்மாவின் நாத்தனாரைச் செருப்புக் கடை வாசலில், பிளந்த வாயோடு நிற்க வைத்துவிட்டு வந்திருந்தோம். இந்நேரம் வாயை மூடியிருப்பாள் என்று நினைப்பவர்களுக்கு நாத்தனாரைத் தெரியாது. அன்று சாயங்காலமே தம்பி மனைவிக்குப் போன் போட்டுவிட்டாள்.

"உன் புருஷன் பொம்பளைச் செருப்பு ஒரு ஜோடி வாங்கினான்மா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். வாங்கி, பைக்குள்ள அடியில போட்டு, மேல செய்தித்தாளை வச்சு மூடி எடுத்துட்டுப் போனான். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே. சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன் அண்ணி."

அந்தச் செருப்பு இதுவரை வீட்டுக்கு வந்து சேரவில்லை. அதாவது, பார்வையம்மாவின் கண்ணுக்கு வந்து சேரவில்லை.

பார்வையம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. முதியோர் சேவை நிலையத்தில், வயதானவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து வரும் பிரிவுக்கு அவள்தான் தலைமை. ஒரு வீட்டுக்குள் நுழைந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள், அங்கே யார் மாத்திரையை விழுங்குகிறார்கள், யார் பூந்தொட்டியில் போடுகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அவள் கணவருக்கு அதே நிலையத்தில் சாமான் அறை. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கைப்பிடிக் கம்பி எல்லாம் இரவல் கொடுக்கும் அறை. அதனால் அவர் சக்கரம். இருவரும் முதன்முதலில் பேசிக்கொண்டதே, ஒரு பெரியவரை நாற்காலியோடு மாடிப்படியில் முன்னும் பின்னும் தூக்கிப் போகும்போது, "மெதுவா, மெதுவா" என்றுதான். கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் அதைத்தான் பெரும்பாலும் பேசிக்கொண்டார்கள்.

இப்போது நிலையத்தின் இயக்குநர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு நிர்வாகக் குழுவின் முன் இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டுக்கும் ஒரே வீட்டு முகவரி.

"நீயே இரு. எனக்கு நாற்காலி தள்ளத் தெரியும், உக்காரத் தெரியாது" என்று சக்கரம் போன மாதமே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை முடிவு. பார்வையம்மாவுக்கு அந்த வேலை வேண்டும். வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு வேண்டும்.

நாத்தனார் போன் போட்ட மூன்றாம் நாள் காலை, சக்கரம் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். சக்கரங்களுக்கு எண்ணெய் போடப் போகிற மனிதர் இஸ்திரிச் சட்டை போடுவதில்லை.

"எங்க கிளம்பிட்டீங்க, மாப்பிள்ளை மாதிரி?"

"சாமான் அறைக்குத்தான்."

"உங்க ஊன்றுகோலெல்லாம் சட்டையைப் பாத்து மயங்கப் போகுதா?"

சக்கரம் சிரிக்கவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"முந்தாநாள் அக்கா போன் பண்ணினாளாமே. என்ன சொன்னா?"

அண்ணிக்குக் கொடுத்த வாக்கு பார்வையம்மாவுக்கு நினைவுக்கு வந்தது.

"அண்ணியா? போன் எதுவும் வரலையே."

"வரலையா?"

"இல்லையே."

அவர் முகம் வாடிப்போனது. கத்தியை மெல்லத் தட்டில் வைத்தார். மாட்டிக்கொண்டோமோ என்று கணக்குப் போடுகிற முகம் இது என்று பார்வையம்மா மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். நேத்து என்ன சமைச்சே, போன வாரம் நம்ம வீட்டுக்கு யார் வந்தா, பொண்ணு எப்ப வரேன்னு சொன்னா. தாலி கட்டின நாள் முதல் கேட்காத கேள்விகள். மனைவிக்கு எவ்வளவு தெரியும் என்று நூல் விட்டுப் பார்க்கிறார். வேறென்ன?

சமையலறையில் 'டக்' என்று ஒரு சத்தம். அடுப்பு தானே அணைந்திருந்தது.

"பாருங்க, மறுபடியும். அடுப்பு பழசாயிடுச்சு."

"ஆமா, பழசுதான்" என்றார் சக்கரம். கொஞ்சம் அவசரமாகவே சொன்னார்.

கிளம்பும் நேரத்தில் அவள் சாவியைக் காணவில்லை. கைப்பை, அலமாரி, தலையணை எல்லாம் பார்த்து, கடைசியில் அது குளிர்சாதனப் பெட்டிக்குள், வெண்ணெய்க்குப் பக்கத்தில் கிடைத்தது.

"என் சாவியை இங்க எதுக்கு வச்சீங்க?"

"நானா?"

"பின்ன யாரு, வெண்ணெயா?"

சக்கரம் அவளையே ஒரு கணம் பார்த்தார். "நான்தான் போலிருக்கு" என்றார்.

சின்னத் தப்பை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிற கணவன், பெரிய தப்பு ஒன்றை வேறெங்கோ பத்திரமாக வைத்திருக்கிறான் என்று பார்வையம்மா முடிவு கட்டினாள்.

அன்றைய முதல் வீடு, ஓய்வு பெற்ற நீச்சல் பயிற்சியாளருடையது. ஊரில் பாதிப் பேரைத் தண்ணீரில் தள்ளிக் கரையேற்றியவர். பார்வையம்மா வாசலில் செருப்பைக் கழற்றி, வலது பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். அந்தப் பாதத்தில் பெருவிரல் மூட்டு புடைத்து வெளியே தள்ளியிருக்கும். எந்தச் செருப்பு வாங்கினாலும் முதல் வாரமே கடித்துவிடும். கத்தரிக்கோலால் ஓரத்தை அவளே வெட்டிவிட்டுப் போட்டுக்கொள்வாள்.

பயிற்சியாளர் அவளை அருகே அழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இந்த வீட்டுல சதி நடக்குது. சாமானெல்லாம் இடம் மாறுது."

"யாரு மாத்தறது?"

"இப்ப டீ வச்சிட்டுப் போனாளே என் மருமக, அவதான். அந்த டீயைத் தொடாதீங்க."

சொல்லிவிட்டுத் தன் டீயையும் அவள் டீயையும் அவரே குடித்தார்.

பார்வையம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அது இருக்கட்டும், நேத்து உங்க பொண்ணு போன் பண்ணினாங்களாமே, என்ன சொன்னாங்க?" என்றாள். பரீட்சை வைக்கிற மாதிரிக் கேட்டால் வயதானவர்கள் உஷாராகிவிடுவார்கள். ஊர்வம்பு பேசுகிற மாதிரிக் கேட்க வேண்டும். அவள் கண்டுபிடித்த முறை அது. நிலையத்தில் எல்லோருக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

"போனா? அவ போன் பண்ணி வருஷமாச்சு" என்றார் பயிற்சியாளர். மகள் நேற்று முக்கால் மணி நேரம் பேசியிருந்தாள்.

சமையலறையில் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமாகிட்ட எப்படி மேடம் சொல்றது?"

"சொல்லவே சொல்லாதீங்க. ஞாபகம் போகுதுன்னு சொன்னா சண்டைதான் வரும். மொதல்ல வீட்டை மாத்துங்க. அப்புறம் சுத்தி இருக்கறவங்ககிட்ட சொல்லி வைங்க. கடைசியாத்தான் ஆள்கிட்டப் பேசணும்."

இது அவளுடைய புகழ்பெற்ற வாக்கியம். நிலையத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

"வழுக்காத செருப்பு, பெரிய எழுத்துக் கடிகாரம், குளியலறையில ஒரு கம்பி. படி விளிம்புல இந்த மஞ்சள் பட்டையை ஒட்டிடுங்க. அடுப்புக்குப் பின்னால ஒரு சின்னப் பெட்டி மாட்டுவோம். ஆள் பக்கத்துல இல்லாம கொஞ்ச நேரம் போனா, அடுப்பு தானே அணைஞ்சிடும்."

"மாமா கண்டுபிடிச்சிட மாட்டாரா?"

"எங்க கண்டுபிடிக்கறது. அடுப்பு பழசாயிடுச்சுன்னு நெனச்சுக்குவார்."

சொன்ன பிறகுதான் பார்வையம்மாவின் கை நின்றது. மஞ்சள் பட்டைச் சுருள் பாதி பிரிந்தபடி தொங்கியது.

அவள் வீட்டு வாசல்படியிலும் போன மாதத்திலிருந்து மஞ்சள் பட்டை இருக்கிறது. மிச்சம் இருந்ததாம், வீணாகப் போகிறதே என்று ஒட்டினாராம். குளியலறையில் கம்பி இருக்கிறது. புது வகையாம், பாரம் தாங்குமா என்று சோதிக்கிறாராம். கூடத்தில் ரயில் நிலையத்துக்கு வாங்கியது போல ஒரு கடிகாரம். அடுப்பு தானே அணைகிறது. இப்போது செருப்பு.

அவள் வீட்டையும் யாரோ நிலையத்து ஆள்போலப் பார்த்து முடித்துவிட்டார்கள். அதுவும் அவள் முறைப்படி, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி.

பார்வையம்மாவின் மூளை பயிற்சி பெற்ற மூளை. மருமகள் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் வழக்கு தயாராகிவிட்டது. ஆள், ஞாபகம் தடுமாறுகிற ஆள். செருப்பைப் பார்த்தால் பெண். சட்டையைப் பார்த்தால் முக்கியமான பெண். வீட்டோடு கொண்டுவந்து வைத்துக்கொள்ளப் போகிறார். கடைசியாகத்தான் மனைவியிடம் பேசுவார், ஏனென்றால் அதுதான் முறை.

வெளியே வந்து சாமான் அறைக்குப் போன் செய்தாள்.

"சார் இன்னிக்கு இன்னும் வரலையே மேடம்" என்றது சாமான் அறை.

மதியம் பார்வையம்மா வீட்டுக்கு வந்தபோது, சொல்லி வைத்ததுபோல நாத்தனார் வாசலில் நின்றிருந்தாள். வம்பு வாசனை அவளுக்கு இரண்டு தெரு முன்னாலேயே எட்டிவிடும். டீ போடலாம் என்று அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, பார்வையம்மா நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"நர்ஸம்மா" என்றாள் நாத்தனார்.

"எந்த நர்ஸம்மா?"

"உனக்கு முன்னாடி அந்த நிலையத்துல இருந்தாளே. இவன் அவ ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கிட்டு நாய்க்குட்டி மாதிரிப் பின்னாடி போவான். அவளுக்கு இப்ப யாரும் இல்ல. ஒரு மாதிரியா இருக்கான்னு கேள்வி."

"யார் சொன்னா?"

"இப்ப நான் சொல்றேன்ல?"

அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை. இருவரும் செருப்பைத் தேடக் கிளம்பினார்கள். நாத்தனார் பெட்டியைத் திறந்தாள், பார்வையம்மா மெத்தையைத் தூக்கினாள். நாத்தனார் தேடியதில் பாதி நேரம், தான் எப்போதோ கொடுத்த போர்வை இன்னும் இருக்கிறதா என்ற தேடல். சமையலறையிலிருந்து 'டக்' என்று கேட்டது.

"என்ன சத்தம்?"

"அடுப்பு. அதுவும் நர்ஸம்மாவுக்குத்தான்" என்றாள் பார்வையம்மா கசப்பாக.

கட்டிலுக்கு அடியில், பழைய சக்கரங்கள் போட்டு வைத்திருந்த அட்டைப் பெட்டிக்குள் கிடைத்தது. பழுப்பு நிறம், வழுக்காத அடிப்பாகம், குனிந்து மாட்ட வேண்டாத ஒட்டுப் பட்டை. இதைத்தான் அவள் எல்லோருக்கும் சிபாரிசு செய்வாள்.

"பாத்தியா" என்றாள் நாத்தனார். குரலில் துக்கத்தைவிடத் திருப்தி அதிகம். அதே சூட்டில் யாரிடமோ எண் வாங்கி, நர்ஸம்மாவுக்கே போன் போட்டு, ஒலியைப் பெரிதாக்கினாள்.

"யாரு, சக்கரத்தோட அக்காவா?" என்றது எதிர்முனை, கணீரென்று. "தம்பி கல்யாணத்துல ரெண்டு தடவை சாப்பிட உக்காந்தீங்களே, அந்த அக்காதானே? பச்சைப் புடவை. மூணாவது தடவை வரும்போது பாத்திரம் காலி."

நாத்தனார் இருமினாள். "அதெல்லாம் இருக்கட்டும். உடம்பு எப்படி இருக்கு? ஞாபகமெல்லாம்?"

"இப்பத்தானே பாத்தீங்க. நான் கார் ஓட்டக் கத்துக்கறேன். சொல்லிக் குடுக்கறவர்தான் பயந்து நின்னுட்டார். உங்க தம்பி நல்லா இருக்கானா? பாத்து வருஷக்கணக்காச்சு."

போனை வைத்தாயிற்று. மெல்ல மெல்ல நாத்தனாரின் முகம் மாறியது.

"ஏம்மா. அப்ப எனக்கா?"

"என்ன அண்ணி?"

"எனக்குப் புத்தி கலங்கிப்போச்சுன்னு நெனச்சு, என்னைக் கொண்டுவந்து அடைச்சு வைக்கப் பாக்கறானா? போன வாரம் அவன்கிட்ட ஒரே கதையை ரெண்டு தடவை சொன்னேன். அது அவனுக்கு மொதல் தடவை உறைக்கலைன்னு சொன்னது."

நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து செருப்பை இழுத்து மாட்டினாள். கால் பாதி உள்ளே போனது. மீதி, குதிகாலோடு வெளியே நின்று காற்று வாங்கியது. அவள் முகத்தில் போன உயிர் திரும்பி வந்தது.

"எனக்கில்ல. அப்பாடா. யாருக்கோ, போகட்டும். டீன்னு ஒண்ணு சொன்னியே, அது இந்த ஜென்மத்துல வருமா?"

பார்வையம்மாவுக்கு அப்போதுதான் தண்ணீர் வைத்தது நினைவுக்கு வந்தது. "இதோ" என்று எழுந்தாள்.

"வேணாம், விடு. நானே போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பறேன். இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேரணும். நான் வந்தேன்னு அவன்கிட்ட மூச்சு விடாதே. வரவே இல்ல. சரியா?"

"சரி அண்ணி."

நாத்தனார் சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்தபடி கிளம்பிப் போனாள். தெருமுனை வரை அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

சமையலறையில் டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, ஈரத்தைத் துடைத்துவிட்டு, பார்வையம்மா கட்டிலருகே திரும்பினாள். அப்போது போன் அடித்தது. நிர்வாகக் குழுத் தலைவர்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் காலைல வந்திருந்தார். திங்கட்கிழமை முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னார். செய்துடறேன். காரணம் மட்டும் சொல்ல மாட்டேங்கறார். நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுச் செய்யறதுதானே?"

இஸ்திரிச் சட்டை.

"ஆமா சார்" என்றாள் பார்வையம்மா. "பேசி வச்சதுதான்."

தன் குரல் இவ்வளவு நிதானமாக வந்தது அவளுக்கே பிடிக்கவில்லை. செருப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்று எடுத்தாள். இடது செருப்பு கடையில் வாங்கியபடியே இருந்தது. வலது செருப்பில், பெருவிரல் பக்கம், விரல் பட்டதும் நின்றாள். அங்கே தையலைப் பிரித்து, மெல்லிய தோல் ஒன்றை உள்ளே கொடுத்து, அகலமாக்கி மறுபடி தைத்திருந்தது. சக்கர நாற்காலி இருக்கைகளைத் தைக்கிற அதே தடித்த நூல். அதே குறுக்குத் தையல்.

ஒரு புடைத்த மூட்டு சுகமாக உட்காருகிற அளவுக்கு இடம் விட்டிருந்தது.

பார்வையம்மா கட்டிலில் உட்கார்ந்து வலது காலை உள்ளே விட்டாள். செருப்பு அவளை எவ்வளவோ நாளாகத் தெரியும் என்பதுபோல ஏற்றுக்கொண்டது.

முதலில் வீடு. அப்புறம் சுற்றி இருப்பவர்கள். கடைசியாகத்தான் ஆள்.

வீடு முடிந்துவிட்டது. இன்று காலை தலைவரும் ஆயிற்று.

கோபம் வந்தது. நான் போன் வரவில்லை என்று சொன்னது மறந்தல்ல, மறைத்து. அதை இந்த மனுஷன் எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார்? சாவியை வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தது யார்? நான் வைத்ததாக எனக்கு நினைவில்லை என்றால், அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. மறந்துவிட்டேன் என்கிற அர்த்தத்தின் பக்கம் பார்வையம்மா போக விரும்பவில்லை. அதைவிட அசிங்கமான இன்னொரு எண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரே முகவரியில் இரண்டு பெயர்கள். ஒன்றுக்கு ஞாபகம் சரியில்லை என்றாகிவிட்டால் மீதி ஒன்றுதானே. உட்காரத் தெரியாதவருக்கு உட்கார ஆசை வந்துவிட்டதா?

அப்படி நினைப்பதற்குத்தான் அந்தத் தையல் இடம் கொடுக்கவில்லை. ஊசி இறங்காத தோலில், ஒவ்வொரு தையலாகக் குத்தி இழுத்திருந்தது.

வாசலில் சாவி திரும்பியது. பார்வையம்மா இரண்டு செருப்பையும் மாட்டிக்கொண்டு போய், கூடத்தில் நின்றாள். சக்கரம் கதவைத் திறந்து, மஞ்சள் பட்டையைத் தாண்டி உள்ளே வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். இஸ்திரிச் சட்டை மொத்தமும் கசங்கியிருந்தது.

"கடிக்குதா?" என்றார்.

"இல்ல."

அது உண்மை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

"தலைவர் வீட்டுக்கு எதுக்குப் போனீங்க?"

சக்கரம் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, வேறெதையோ பேசுகிறவர்போல, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"மத்தியானம் நம்ம வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

பார்வையம்மாவுக்கு அந்தக் குரல் தெரியும். அந்த ஜன்னல் பார்வை தெரியும். அவளே சொல்லிக்கொடுத்தது. அண்ணி வந்தாள் என்றால் கொடுத்த வாக்கு போய்விடும். யாரும் வரவில்லை என்றால் வேலை போய்விடும். அவருக்கு விடை ஏற்கெனவே தெரியுமோ? தெருமுனையில் அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாரோ?

"வந்தாங்க" என்றாள். "உங்க அக்கா. முந்தாநாள் போனும் பண்ணினாங்க. ரெண்டையும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. கேளுங்க, இன்னும் என்ன வேணும்னாலும் கேளுங்க."

சக்கரம் சட்டென்று திரும்பினார். அந்த முகத்தில் முதல்முறையாக ஒரு சந்தேகம் தெரிந்தது, தன் மீதே. "அப்ப காலைல..." என்று ஆரம்பித்தார். எழுந்து அவள் அருகில் வந்தார்.

பார்வையம்மா நிமிர்ந்து நின்றாள். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

சமையலறையில் 'டக்' என்று அடுப்பு அணைந்தது.

மதியம் வைத்த அடுப்பு, நாத்தனார் இருக்கும்போதே அணைந்தாயிற்று. இது வேறு. இதை யாரோ மறுபடி பற்ற வைத்திருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கப் போன நாத்தனாரா? டம்ளரை எடுத்து வைக்கப் போன தானா? பார்வையம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள், அதற்காவது தெரியுமா என்பதுபோல.

காற்றில் லேசாகத் தீய்ந்த வாடை வந்தது. சக்கரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை எதுவும் கேட்கவில்லை.